அண்ணன் பார்த்த மூன்று பிறை

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை. உங்கள் இருமல் விட்டதா, அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வந்து சேர்ந்த வீடு சின்னதுதான், ஆனால் நல்ல காற்றோட்டம். அவருக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை. எனக்கும் திரைச்சீலை தைக்கும் ஆலையில் இடம் கிடைத்துவிட்டது. நாள் முழுக்க நேர்க்கோட்டில் தைக்க வேண்டும், அவ்வளவுதான். என் தையல் கோணல் என்று அண்ணி சொல்வாரே, இங்கே இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு சந்தேகம் அண்ணா. போன வாரம் வேலை முடிந்து பேருந்துக்காக நின்றபோது மேற்கே நிலாவை பார்த்தேன். மெல்லிய பிறை. அடைப்புக்குறி மூடினால் வளர்பிறை, திறந்தால் தேய்பிறை என்று நீங்கள் சொல்வீர்கள் அல்லவா? இது திறந்த அடைப்புக்குறி. இடது பக்கம்தான் வெளிச்சம். சரி, இன்னும் ஓரிரு நாளில் காணாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன். போகவில்லை. நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வருகிறது.

தேய வேண்டியது வளர்கிறது. எனக்குப் பைத்தியமா, நிலாவுக்கா? அவரிடம் கேட்டால், "வளர்ந்துட்டுப் போகட்டுமே, உன் கைக்காசா கரையுது?" என்கிறார். நீங்கள்தான் இதைத் தீர்த்துவைக்க வேண்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

*

மார்ச் 1

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் என்னை விட்டுவிட்டது. உன் அண்ணியின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது.

முதலில் பிழை திருத்தம். "நிலாவை பார்த்தேன்" அல்ல, "நிலாவைப் பார்த்தேன்". அந்த 'ப்' உனக்கு என்ன பாவம் செய்தது? கடல் தாண்டினால் ஒற்று கழன்றுவிடுமா? அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவனின் தங்கை இப்படி எழுதலாமா? யாராவது பார்த்தால் என் மானம் போகும்.

அடுத்தது நிலா. நீ சொல்வதை நான் நம்பவில்லை. இப்போது என் மேசையில் இருப்பதே பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகம்தான். அதில் நிலாவைப் பற்றித் தனிப் பாடம் இருக்கிறது. வளர்பிறைக்கு வலது பக்கம் வெளிச்சம் என்று படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். அச்சில் வந்துவிட்டால், அதுவும் நான் திருத்தி வந்துவிட்டால், நிலாவே ஆனாலும் கட்டுப்பட வேண்டும். நீ பேருந்தின் கண்ணாடியில் விழுந்த பிம்பத்தைப் பார்த்திருப்பாய்.

இருந்தாலும் நீ சொன்னதற்காக, அடுத்த பிறைக்கு நானும் மொட்டை மாடியில் நின்று பார்க்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் மேல் கோபமில்லாத,
அண்ணன்

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத முடியாது. எனக்கு நலம், அவருக்கு இடுப்புப் பிடிப்பு. காரணம் நீங்கள்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க அண்ணன் புத்தகத்துக்குக் கட்டுப்படுதா இல்லையான்னு பார்த்துடலாம்" என்று பால்கனிக்குப் போனார். ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு நிலாவுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தார். "இப்போ சரியா வருது. வலது பக்கம்தான் வெளிச்சம்" என்றார். அதன்பின் நிமிர முடியவில்லை. நான் தூக்கிவிட்டேன். கீழ் மாடிக்காரி அண்ணாந்து பார்த்து, இது என்ன உடற்பயிற்சி என்று கேட்டாள்.

விஷயம் இதுதான் அண்ணா. உருண்டையான பூமியில் நீங்கள் மேல் பாதியில் நிற்கிறீர்கள், நாங்கள் கீழ்ப் பாதியில் நிற்கிறோம். உங்களுக்கு நிமிர்ந்து தெரிகிற நிலா எங்களுக்குத் தலைகீழாகத் தெரிகிறது. அதே நிலாதான், பார்க்கிற இடம்தான் வேறு. உங்கள் புத்தகத்தில் பிழை இல்லை, என் கண்ணிலும் பிழை இல்லை. இது புரிந்த அன்றைக்கு எனக்கு ஏனோ ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஊர் விட்டு வந்தது அன்றுதான் உறைத்தது, ஆனால் வலிக்கவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. 'ப்' எல்லாம் போட்டிருக்கிறேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைகீழாக நிற்கும்,
தங்கை

*

ஏப்ரல் 14

அன்புள்ள வாலு,

எல்லோரும் சுகம். மாப்பிள்ளையின் இடுப்புக்கு என் வருத்தத்தைச் சொல். அறிவியலுக்காக இடுப்பைக் கொடுத்தவர் என்று அச்சகத்தில் அவர் பெருமையை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உன் நிலா தலைகீழ் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு நீயும் என் நிலாவை ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னபடி மொட்டை மாடிக்குப் போனேன். போன மாதம் பார்த்தேன், இந்த மாதமும் பார்த்தேன். இங்கே பிறை மூன்றாகத் தெரிகிறது. கேலி செய்யாதே. ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் விலகி, மூன்று அடைப்புக்குறிகள். நடுவில் இருப்பது பளிச்சென்று, மற்ற இரண்டும் மங்கலாக. இதில் விசித்திரம் என்னவென்றால் நிலா பெருக்கப் பெருக்க மூன்றும் சேர்ந்துகொண்டே வந்து, முழு நிலவு அன்று ஒன்றாகிவிடுகிறது. சுற்றிலும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடித் தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே வெயிலும் அதிகம். இடத்துக்கு இடம் நிலா மாறும் என்று நீயே நிரூபித்துவிட்டாயே. உனக்குத் தலைகீழ் என்றால் எனக்கு மூன்றாக இருக்கக் கூடாதா?

புத்தக வேலை மும்முரம். இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகம் என்று நீங்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டதால் மறுபடி கேட்கிறேன். சுகமா?

வெல்லிக்கிழமை இங்கே நல்ல மலை கொட்டியது. எதிரே இருக்கும் பல்லிக்கூடத்தைக்கூட மூடிவிட்டார்கள். ஆலைக்கு நனைந்துகொண்டே போனேன்.

மூன்று பிறைக் கதையை அவரிடம் சொன்னேன். "எங்களுக்கு ஒண்ணு, அவருக்கு மூணா? மச்சானுக்கு எப்பவும் எல்லாம் கூடுதல்தான்" என்றார். அவர் இந்த முறை குனிந்து பார்க்கத் தயாராக இல்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும் அண்ணா. அண்ணிக்கு எத்தனை பிறை தெரிகிறது? அதே மாடியில், அதே நேரத்தில் அவரையும் நிற்க வைத்துக் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் கையெழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? பொடிப்பொடியாக எழுதித் தாளை மிச்சம் பிடிக்கிறவர் நீங்கள். போன கடிதத்தில் ஒரு பிழையும் சுட்டவில்லை. நான் திருந்திவிட்டேனா, நீங்கள் திருந்திவிட்டீர்களா?

அன்புடன்,
தங்கை

*

மே 22

அன்புள்ள வாலு,

சுகம், சுகம், சுகம். போதுமா?

பேனா புதிது, முனை பட்டை. அதனால்தான் எழுத்து பெரிதாக விழுகிறது. உன் கடிதத்தில் இந்த முறை ஒரு பிழையும் இல்லை. பாராட்டுகள். உன் அண்ணிக்கு நிலா பார்க்க நேரமில்லையாம்.

அச்சகத்தில் எனக்குத் தலைவலி. புது எழுத்துகள் வாங்கியிருக்கிறார்கள், ஒன்றும் சரியில்லை. மெய்யெழுத்துகளின் தலையில் இரண்டிரண்டு புள்ளி. 'க்' என்றால் ஒரு புள்ளி போதாதா? ஒன்றை எடு, ஒன்றை எடு என்று பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தள்ளுகிறேன். அச்சுக் கோக்கும் பெண்ணை உனக்கு நினைவிருக்கும், எல்லோரும் 'ரேடியோ' என்று கூப்பிடுவார்களே. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள். அவளே இப்போது நான் தாளை நீட்டினால் "சரி சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அவளுக்கும் வேலைப் பளு.

நல்ல செய்தி ஒன்று. முதலாளி பெரிய அகராதி ஒன்றைப் பதிப்பிக்கப் போகிறார். பிழை திருத்தும் பொறுப்பு எனக்குத்தான் என்று பேச்சு. "கண்ணு நல்லா இருக்குல்ல? அகராதியில தப்பு வந்தா நாம கடைய மூடவேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அந்த அகராதி என் கையால் வெளிவர வேண்டும், வாலு. அதற்காகத்தான் இத்தனை காலம் துண்டறிக்கையும் பாடப் புத்தகமும் பார்த்தேன் என்றுகூடத் தோன்றுகிறது.

அண்ணன்

*

ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பைப் பற்றி இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

போன கடிதத்தில் நான் மழையை மலை என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தைப் பல்லிக்கூடம் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்கும் அதே கதிதான். எல்லாம் வேண்டுமென்றே செய்தது. அந்தப் பல்லியைப் பார்த்திருந்தால் நீங்கள் கப்பலேறி வந்து என் காதைத் திருகியிருப்பீர்கள். பாராட்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, என் கடிதத்தை வாசிப்பது யார்? அண்ணி வாசிக்க, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?

எங்கள் ஆலையில் மேற்பார்வை பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தெருவிளக்கெல்லாம் கொத்துக் கொத்தாகத் தெரிந்ததாம். ஊசிக் காது இரண்டாகத் தெரிந்ததாம். ஊசி செய்தவனைத்தான் திட்டியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் கண்புரை. சின்ன அறுவைச் சிகிச்சைதான். இப்போது என் கோணல் தையலை அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடிக்கிறார்.

பிறை மூன்று, புள்ளி இரண்டு. முழு நிலவில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை, மெலிந்த பிறையில்தான் பிரிந்து தெரிகிறது. நான் சொல்வது தப்பாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த பிறை வந்ததும் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு தடவையும் மூன்று தெரிந்தால் தொழிற்சாலைப் புகையைத் திட்டலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் மூன்று என்றால் குற்றம் வானத்தில் இல்லை.

அகராதி பெரிதுதான். எனக்கு உங்கள் கண் அதைவிடப் பெரிது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

தங்கை

*

ஜூலை 10

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் தினமும் என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார், அவருக்கே சங்கடமாகிவிட்டது. கோபமென்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். திட்டு வாங்க நான் தயார். நாங்கள் நலம் என்பதை எழுதவும் மனமில்லை.

தங்கை

*

ஜூலை 12

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துவிடு, திருத்துகிற ஆள் இப்போது யாருடனும் பேசுவதில்லை.

உன் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்று மாதமாகவே அப்படித்தான். மலை என்று எழுதியிருந்ததை மழை என்று வாசித்தது நான்தான். உன் அண்ணன் எதிரில் ஒரு பிழையையாவது ஒளித்துவைக்க முடிந்ததே என்று அற்ப சந்தோஷம். நீ கண்ணி வைத்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடிதத்தைக் கேட்டுவிட்டு, அமாவாசை எப்போது என்று என்னைக் காலண்டரில் பார்க்கச் சொன்னார். பிறை வரும்வரை பொறுத்திருந்தார். போன வாரம் சாயங்காலம் மாடிக்குப் போனார். கீழே நின்று பார்த்தேன், ஒரு கையால் முகத்தை மூடுகிறார், கையை மாற்றுகிறார். இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் கேட்டதற்கெல்லாம் 'ம்' என்றுதான் சொன்னார். மறுநாள்தான் வாயைத் திறந்தார். வலது கண்ணுக்குத்தான் மூன்றாம்.

அகராதி போய்விடுமே என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை அந்தப் பிள்ளைகளின் புத்தகம். இவர் வட்டம் போட்ட புள்ளிகளை எல்லாம் அந்தப் பெண் எடுத்திருந்தால்? இருந்ததே ஒரு புள்ளிதானே, அதையும் எடுத்துவிட்டால் மெய்யெழுத்தெல்லாம் மொட்டையாகிவிடும் என்கிறார். அவசரம் என்று மறுபடி பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்களாம். புத்தகம் பள்ளிகளுக்குப் போய்விட்டது. எடுத்துப் பார்க்கப் பயம், யாரையும் கேட்கவும் பயம். அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருக்கிறார்.

நேற்று நான் பொறுமை இழந்துவிட்டேன். "பிறை மூணா தெரியட்டும், எனக்கென்ன வந்தது? நான் எத்தனையா தெரியறேன், அதைச் சொல்லுங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணே தாங்கல" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று அவரே கேட்டார்.

கிளம்பப் போகிறோம். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணி

*

ஜூலை 29

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று இப்போது துணிந்து எழுதுகிறேன். அண்ணி, உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன், பிறகு அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஒண்ணே தாங்கல" என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் கீழ் மாடிக்காரி மறுபடி எட்டிப் பார்த்தாள். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. கேலி பேசுகிற அண்ணன் பிழைத்துக்கொள்வார்.

அண்ணா, அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், அச்சகத்துக்குப் போய் எடுத்துப் பாருங்கள். பார்க்காமல் நினைத்துக்கொண்டே இருந்தால் பிழை ஒன்றுக்கு மூன்றாகத் தெரியும்.

தங்கை

*

செப்டம்பர் 6

அன்புள்ள வாலு,

உன் அண்ணனேதான் எழுதுகிறேன், என் கண்ணாலேயே பார்த்து. இந்தக் கடிதம் பொடி எழுத்தில் இருப்பதைக் கவனித்திருப்பாய். இங்கே எல்லோரும் நலம் என்று முதல்முறையாக மனதார எழுதுகிறேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாளைக்கு முன் சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஒரே பிறை, சுத்தமாக, ஓரம் பிசிறில்லாமல். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சின்னதாகவும் இருந்தது. மூன்று பார்த்துப் பழகிவிட்டேன் அல்லவா?

நேற்று அச்சகத்துக்குப் போனேன். முதலாளியிடம் கண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அகராதி வேறு ஆளுக்குப் போனாலும் பரவாயில்லை, அந்தப் புத்தகத்தை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நிலாப் பாடத்தைத் திறந்தேன். முதல் வரியிலிருந்து பார்த்தேன். எல்லாப் புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. புத்தகம் முழுக்கப் புரட்டிவிட்டேன், ஒரு எழுத்துகூட மொட்டையாக இல்லை.

ரேடியோவிடம் போனேன். கை பாட்டுக்குக் கோத்துக்கொண்டிருந்தது, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாய் நின்றது. "நான் எடுக்கச் சொன்ன புள்ளியையெல்லாம் என்னம்மா செஞ்சே?" என்று கேட்டேன்.

"எடுக்கல சார். இருந்தாத்தானே எடுக்க."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"மார்ச் மாசமே தெரியும் சார்."

ஊர்க் கதையெல்லாம் பேசுகிறவள் இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டால் உன் அண்ணி அதற்கும் முன்னாலேயே தெரியும் என்கிறாள். என் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தியதும், விளக்கை மாற்றிப் போட்டதும் அதற்காகத்தானாம். முதலாளியும், "சந்தேகம் இருந்துச்சு, நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்" என்று சொல்லி அகராதிக்கான தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். கடல் தாண்டி இருக்கிற உனக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் நிலாவுக்கும்தான் தெரியவில்லை. எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, இத்தனை பேர் என்னைச் சுற்றிச் சத்தமில்லாமல் நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அந்த வெட்கம் போய்விட்டது.

ஒன்றை மட்டும் ரேடியோவிடம் கேட்காமல் விட முடியவில்லை. "ஏம்மா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அவள் எழுத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா அன்னிக்கே வேலைய விட்டுட்டுப் போயிருப்பீங்க சார். அப்புறம் என் தப்பையெல்லாம் யாரு பிடிப்பா?"

அவள் காலையில் கோத்து வைத்திருந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். நிறையத் தப்பு, வாலு. ஒன்றைக்கூட விடவில்லை.

அன்புடன்,
அண்ணன்